பனங்கிழங்கும் கால் மாத்திரையும்

7 ஜனவரி 2025, செவ்வாய்

எடைமேடை கேபினில் புதுசாக கேமரா மாட்டிவிட்டார்கள். திரையில் நான்கு கட்டம். மூன்றில் கண்டெய்னர் லாரிகள். நான்காவதில் உச்சி வழுக்கையாகிப்போன ஒரு ஆள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ‘எவம்லே அது, நம்ம கேபின்ல?’ என்று டம்ளரைக் கீழே வைத்தேன். அவரும் வைத்தார்.

ஐம்பத்திரண்டு வருஷமாகக் கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பிழைத்திருக்கிறேன். பின்னால் இப்படி ஒரு மைதானம் கிடப்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. தேவமணியிடம் கேட்டேன். “அது நாலு வருஷமா இருக்கு. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

கட்டின பொண்டாட்டி!

11 ஜனவரி, சனி

இரண்டு நாளாக வீடியோ பார்த்து கண்ணும் போச்சு. டி.ஹெச்.டி. என்று ஒரு ஹார்மோனாம். ஆம்பளை உடம்பில் அது கூடினால் முடியின் வேரைச் சுருக்கிவிடுமாம். அதைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, டாக்டர் எழுதித் தரும் மாத்திரை. இன்னொன்று, அமெரிக்காவில் ஏதோ ஒரு பனையின் பழச்சாற்றில் செய்த சத்து மாத்திரை. இதற்கு டாக்டர் வேண்டாம், பக்க விளைவு கிடையாது என்று அந்த வீடியோக்காரன் சத்தியம் பண்ணுகிறான். அவனுக்கும் முன்மண்டை காலி என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

“பேசாம தோல் டாக்டரைப் போய்ப் பாருங்க” என்றாள் தேவமணி. “இந்த வீட்டுக்குள்ள இங்கிலீஷ் மருந்து வராது. இயற்கைதான்” என்று கையை உயர்த்திச் சொன்னேன்.

சாத்தான்குளத்திலிருந்து மச்சினன் ஜாபேஸ் போனில். “அத்தான், அங்கன இருக்கிறதும் பனை, இங்கன நம்ம காட்டுல நிக்கிறதும் பனை. எதுக்கு அமெரிக்காக்காரனுக்குக் குடுக்கணும்? ஒரு சாக்கு கிழங்கு அனுப்புதேன்.”

நியாயமாகத்தான் பட்டது. என் புத்தியைச் சொல்லணும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

தினமும் அவித்த கிழங்கு காலையில் நாலு, ராத்திரி நாலு. இடைவேளையில் காயவைத்து இடித்த மாவு. முடி மட்டும்தான் முளைக்கவில்லை. மற்றதெல்லாம் நடந்தது. இன்றைக்கு ஆலயத்தில் மௌன ஜெபத்தின்போது என் வயிறு மட்டும் சத்தமாக ஜெபித்தது. முன் வரிசை திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பி, பின்னால் இருந்தவரைப் பார்த்தேன்.

20 பிப்ரவரி, வியாழன்

கிழங்குக்கு முழுக்கு. எங்கள் யார்டில் கிரேன் ஓட்டும் சிலுவை, புன்னைக்காயல்காரன், வழி சொன்னான். “அண்ணாச்சி, எங்க அப்பா மூத்திர அடைப்புக்குப் போடுத மாத்திரையேதான் தலைமுடிக்கும். அது அஞ்சு எம்.ஜி. தலைமுடிக்கு ஒரு எம்.ஜி. போதும். நாலா வெட்டிப் போடுங்க.”

“டாக்டர்?”

“வெட்டுததுக்கு எதுக்கு டாக்டர்?”

மருந்துக்கடையில் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஆனால் கையை உயர்த்திச் சொன்ன வாய் இருக்கிறதே! தேவமணி மாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, காய் நறுக்கும் பலகையில் வைத்து, காய் நறுக்கும் கத்தியால் நாலாக வெட்டினேன். முதல் மாத்திரை பாதி தூளாகிவிட்டது. துண்டுகளை ஏலக்காய் டப்பாவுக்குள் ஒளித்தேன். வெளிநாட்டுச் சரக்கு கடத்துகிறவன்கூட இத்தனை பயந்திருக்க மாட்டான்.

16 மார்ச், ஞாயிறு

மகள் ஜெப்ஸி நாசரேத்திலிருந்து வந்துவிட்டாள். இது மூன்றாம் மாதம். மாப்பிள்ளை ஜெஃப்ரி கப்பலுக்குப் போயாச்சு; இவளுக்கு வயிற்றில் தண்ணீர்கூட நிற்கவில்லை. போன வருஷம் ஒன்று இதே மூன்றாம் மாதத்தில்தான் போய்விட்டது. அதனால் வீட்டில் எல்லோரும் பூனை மாதிரி நடக்கிறோம்.

கிளிமூக்கு மாங்காய் மட்டும் இறங்குகிறது. நானே நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தேன். “அம்மாவ விட நீங்கதாம்ப்பா மெல்லிசா வெட்டுதீங்க” என்றாள். மாத்திரை வெட்டிப் பழகின கை என்று சொல்லவா முடியும்?

5 ஏப்ரல், சனி

மாத்திரை ஆரம்பித்தபின் முடி இன்னும் அதிகமாகக் கொட்டுகிறது. எரிச்சலில், யாருக்கும் சொல்லாமல் தோல் டாக்டரிடம் போனேன். தங்கமான அம்மா. கிழங்குக் கதையைக் கேட்டுச் சிரித்தார். “அது வேற பனை சார், இது வேற பனை. அந்தப் பனைக்கே சரியான ஆதாரம் இல்ல.” மாத்திரை தொடங்கினால் முதலில் கொஞ்சம் கொட்டும் என்றார். பிறகு கேட்டார்: “எப்படி வெட்டுறீங்க? வீட்ல மாசமா யாராவது இருக்காங்களா?”

“காய் வெட்டுத கத்தியாலதான். மக மாசமா இருக்கா” என்றேன்.

உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடக்கூடாதாம். அந்த டி.ஹெச்.டி. ஹார்மோன்தான் வயிற்றில் இருக்கும் ஆண் பிள்ளைக்கு ஆண் உறுப்பை உருவாக்குகிறதாம். அதைக் குறைக்கிற மருந்து —

அந்தப் பலகை. அந்தக் கத்தி. மூணு வாரமா தெனமும் மாங்கா. நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? பொழுதன்னைக்கும் கண்டெய்னர் சீல் நம்பரை ரெண்டு தடவ வாசிக்கிறவன், மாத்திரை அட்டைய ஒரு தடவ வாசிச்சேனா? மண்டைக்கு வெளிய ஒண்ணும் இல்லங்கிறது நாலு வருஷமா ஊருக்கே தெரியும். உள்ளயும் இல்லங்கிறது இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

6 ஏப்ரல், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

ஜெப்ஸி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, “மாங்காயிலயா?” என்றாள். தலையாட்டினேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேவமணி திட்டுவாள் என்று பார்த்தேன். பலகையையும் கத்தியையும் ஏலக்காய் டப்பாவையும் ஒரு பையில் கட்டி வெளியே வைத்தாள். திட்டியிருக்கலாம்.

7 ஏப்ரல், திங்கள்

பிரசவ டாக்டர் அருணாசலவடிவிடம் மூன்று பேரும் போனோம். ஜெப்ஸி ஆட்டோவில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“பலகையில ஒட்டினது ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. பொம்பளப் பிள்ளைன்னா கவலையே இல்ல. ஆம்பளப் பிள்ளைன்னா மட்டும், ஒண்ணுக்குப் போற துவாரம் நுனியில இல்லாம கீழ அமைய ஒரு சின்ன வாய்ப்பு. அப்படியே இருந்தாலும் ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம்.”

“ஸ்கேன்ல என்ன பிள்ளைன்னு பாத்து…”

“சொல்லமாட்டேன் சார். சட்டம். பிறந்தப்புறம் பாப்போம்.”

அக்டோபர் வரைக்கும்! தெரிந்தாலும் சொல்லாத ஒரு டாக்டர், சொல்லித் தொலைத்துவிட்டுப் பேச ஆளில்லாமல் நான்.

மாத்திரையை நிறுத்தியாச்சு. அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

28 ஏப்ரல், திங்கள்

இருபத்திரண்டு நாள் கழித்து ஜெப்ஸி மாங்காய் கேட்டாள். புதுப் பலகை, புதுக் கத்தி.

“கையக் கழுவியாச்சா?”

“மூணு தடவை.”

“இன்னொரு தடவ கழுவுங்க.”

கழுவினேன். ஒரு துண்டை எடுத்து என் வாயிலேயே முதலில் திணித்தாள். கண் கலங்கினதற்கு மிளகாய்ப்பொடி மேல் பழி போட்டேன்.

12 ஜூன், வியாழன்

நான் பெண்ணாகப் பிறக்கட்டும் என்று ஜெபிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் ஆண் வேண்டும் என்று ஜெபிக்கிறார்கள். இரண்டு மனுவையும் வாசித்து மேலே இருப்பவருக்கும் முடி கொட்டியிருக்கும்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

ஜாபேஸ் ஒரு கூடை பனம்பழம் அனுப்பியிருக்கிறான். “கிழங்குல இல்லாத சத்து பழத்துல இருக்கு அத்தான்.” அப்படியே பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அதுக்கு ஏற்கெனவே நல்ல முடி.

15 அக்டோபர், புதன்

காலை பத்தே முக்காலுக்குப் பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து, “ஆம்பளப் பிள்ளை” என்றாள். தேவமணி ஸ்தோத்திரம் என்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஏது என்று கேட்பதற்குள் டாக்டர் அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து ஜெப்ஸி கூப்பிட்டு அனுப்பினாள். வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துண்டில் சுற்றின ஒரு பொட்டலம்.

“டாக்டர் பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?”

“நீங்களே பாருங்கப்பா. ஆறு மாசமா ஒறங்கல்லல்லா?”

துண்டை விலக்கினாள். என் மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. நன்றாகக் குனிந்தேன்.

ஒண்ணுக்கு அடித்தான். நுனியிலிருந்து, நேராக, கம்பி பிடித்த மாதிரி. நெற்றியில் பட்டு, முன்னால் மிச்சமிருந்த முடியைத் தாண்டி, தடுக்க ஒரு முடியும் இல்லாத உச்சி வரைக்கும் ஓடியது. ஜெப்ஸி தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். தேவமணி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். “இருக்கட்டும், விடு” என்றேன்.

சாயங்காலம் மணி ஆறு. இன்னும் குளிக்கவில்லை.