மச்சானுக்கு ஒரு துப்பாக்கி

செவ்வாய், இரவு.

ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே வயல் வீட்டில் தனியாக இருக்கும் மச்சான் கோ ஜோ காலையில் லத்தாவில் உள்ள என் கடைக்கு வந்தான். அங்கே திருட்டு அதிகமாம். துப்பாக்கி வாங்கப் போகிறானாம். கொக்கு, பாம்பு, திருடன் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும்படி எது நல்லது, இரட்டைக் குழலா, சின்னத் தோட்டா போடுவதா என்று கேட்டான்.

"முதலில் தோட்டா எங்கே கிடைக்கும், சொல்லு."

"தெரியாது, அத்தான்."

"தோட்டா இல்லாவிட்டால் அது அடுப்பு ஊதுகிற குழல். படகுத்துறைச் சோதனையில் பிடித்தால் உன்னை எந்த ஜெயிலில் போய்த் தேடுவது? யாரைச் சுடப் போகிறாய்?"

"யாரையும் இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிய ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"சத்தம்தானே? உன் அக்காவைக் கூட்டிப் போ. இரண்டு வயல் தாண்டிக் கேட்கும். தோட்டாவும் தீராது."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் நேரே தின்கன்ஜூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய் என் மனைவி மா கின்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டான். அவளுக்குக் கோபமே வரவில்லையாம். விழுந்து விழுந்து சிரித்தாளாம். அறுப்பு முடியும் வரை தம்பியோடு இருப்பதாக மத்தியானமே துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். படகிலிருந்து போன் வந்தது.

"சோறு பானையில இருக்கு. கதவைப் பூட்டுங்க."

பூட்டினேன். இந்த வீட்டுக்குள் இவ்வளவு அமைதி எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எலி ஓடினாலும் எழுந்து உட்காருகிறேன். பாவம், பையன் துப்பாக்கி கேட்டதில் தப்பே இல்லை. பூட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன்.