பஜார் மண்டலுக்குப் போன சி.டி.

தேஹு ரோடு,
24-9-2003

அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு அம்மா சியாமளா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ராகவேந்திராவும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தம்பி சந்துரு வண்டியிலிருந்து விழுந்துவிட்டான் என்று அப்பா உன்னிடம் போனில் சொன்னது பொய். அவனை அடித்தார்கள். இரும்புக் குழாயால் அடித்தார்கள். இடது காது போய்விட்டது பிரியா, இனிமேல் அந்தக் காதில் ஒன்றும் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் ஹாலில் இருக்கிறது, நீ கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அங்கேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

நீ புனே ஔந்தில் வேலை பார்த்தபோது வாங்கி, கல்யாணமாகிப் போகும்போது தம்பிக்கு விட்டுவிட்டுப் போன அந்தக் கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முதல் இரண்டு நாள் உன்னையும் சேர்த்தே திட்டித் தீர்த்தேன். ரஞ்சன்காவ் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கைகால் கூடக் கழுவாமல் அதன் முன்னால் போய் உட்காருவான். போன வருஷத்திலிருந்து கணபதி ஊர்வலத்துக்குப் பாட்டு மிக்ஸிங் செய்து கொடுக்கிறான். கணபதி வைக்கிற கோஷ்டிகளில் பஜார் மண்டலுக்கும் இவன்தான், ஸ்டேஷன் மண்டலுக்கும் இவன்தான், ஊருக்கே தெரியும். அடிக்கிற தாளம் ஒன்றுதான், நடுவில் பேர் சொல்லிக் கத்துவது மட்டும் வேறு. ஒன்றில் 'பஜாரின் ராஜா' என்று வரும், இன்னொன்றில் 'ஸ்டேஷனின் ராஜா' என்று வரும். திரையில் ஒவ்வொரு சத்தமும் கலர் கலராகப் பட்டைபோல ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன பட்டன், அதை அழுத்தினால் அந்தச் சத்தம் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். பஜாருக்குச் செய்யும்போது ஸ்டேஷன் பேரை மூடி வைப்பான், அவ்வளவுதான் வேலை.

கணபதியைக் கரைக்கிற விசர்ஜனத்தன்று சாயங்காலம் இரண்டு மண்டல் லாரியும் சௌக் நாற்சந்தியில் எதிரெதிரே வந்து நிற்கும் இல்லையா, யார் ஸ்பீக்கர் சத்தம் பெரிது என்று பார்க்கிற இடம் அது. நானும் பக்கத்து வீட்டு லீலாவும் மருந்துக்கடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பஜார்காரர்கள் சந்துரு செய்து கொடுத்த சி.டி.யை அங்கேதான் முதல் தடவை போட்டு முழுச் சத்தமும் வைத்தார்கள், என் பல்லெல்லாம் ஆடியது. அடுத்த நிமிஷம் அவர்களுடைய லாரியிலிருந்தே 'ஸ்டேஷனின் ராஜா, ஸ்டேஷனின் ராஜா' என்று நம் சந்துருவின் குரல் கிளம்பியது. எதிர்ப்பக்கம் ஒரே விசில், கூச்சல், சிரிப்பு. ஒருத்தன் பஜார் லாரிக்குக் கும்பிடு போட்டு, எங்கள் ராஜாவைப் புகழ்ந்ததற்கு நன்றி என்று மைக்கில் சொன்னான். அவ்வளவுதான். ஸ்டேஷன்காரர்களோடு சேர்ந்துகொண்டு எங்கள் மானத்தை வாங்கிவிட்டான் என்று பத்துப் பேர், பயந்து லாரிக்கு அடியில் புகுந்த சந்துருவைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஸ்பீக்கர் கட்டியிருந்த குழாயைப் பிடுங்கி அடித்தார்கள். மேலெல்லாம் சிவப்புக் குலால் பொடி, எது பொடி எது ரத்தம் என்று தெரியவில்லை. அடி விழுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை, அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அவன் குரல் கத்திக்கொண்டே இருந்தது, கீழே அவன் கிடந்தான். நான் ஒருத்தன் முதுகில் பாய்ந்து தோளைக் கடித்தேன், உதறித் தள்ளிவிட்டான். டயர் கடை லியாகத் அலி அண்ணன்தான் டெம்போவைக் கூட்டத்துக்குள் நேராக ஓட்டிவந்து அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

நான் வீட்டுக்கு ஓடினேன், துணியும் அப்பாவின் டிப்போ மருத்துவக் கார்டும் எடுக்க. பின்னாலேயே நான்கு பேர் வந்துவிட்டார்கள். செருப்புக் காலோடு சாமி ரூமைத் தாண்டிப் போய்க் கம்ப்யூட்டர் திரையை மட்டையால் உடைத்தார்கள். சப்பாத்திக் கட்டை கையில் கிடைத்தது, ஒருத்தன் மணிக்கட்டில் முழுப் பலத்தோடு போட்டேன். மளுக்கென்று ஒடிந்தது. பாவம் என்று நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை, அந்தச் சத்தத்தை நினைத்தால் சோறு இறங்குகிறது. மறுபடி இந்தப் படியை மிதித்தால் மண்டையில்தான் போடுவேன் என்று பிறகு விசாரிக்க வந்த போலீஸ்காரர் முன்னாலேயே சொன்னேன். அவர், அம்மா, அதையெல்லாம் எழுத முடியாது, உள்ளே போங்கள் என்றார். இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த விஷயம். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, நான் அதை மூடித்தாம்மா வெச்சேன், ரெண்டு தடவ கேட்டுப் பாத்தேன்" என்பதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா, கட்டுப் போட்ட பிள்ளை என்றும் பார்க்காமல், உன் காது லட்சணம் தெரியாதா, கவனமில்லாமல் செய்துவிட்டு மூடினேனாம் என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அதற்குப் பிறகு அப்பா கேட்டபோதெல்லாம், என் தப்புத்தான்பா, எனக்கே சரியாகக் கேட்கவில்லை போல என்றான். இனிமேல் அதைத் தொடமாட்டேன், நல்லா இருந்தபோதே என் காது பொய் சொல்லியிருக்கிறது, ஒரு காதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று சொல்லிவிட்டான்.

பிரியா, அவன் மூடித்தான் வைத்திருந்தான். திறந்தது நான். விசர்ஜனத்துக்கு முந்தின நாள் அவன் ஷிப்டுக்குப் போன பிறகு, அவன் குரலைக் கேட்கலாம் என்று ஆசையாக இருந்தது. அவன் இருக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு தனியாகத்தான் கேட்பான், எனக்கு எங்கே கேட்கிறது. பஜார் பேரைக் கேட்டது போதவில்லை, மூடி வைத்திருந்த ஸ்டேஷன் பேருக்குப் பட்டன் எது என்று பார்த்து வைத்திருந்தேன். அழுத்தினேன், என் பிள்ளை சிங்கம்போலக் கத்தினான், நான்கு தடவை கேட்டேன், திரும்ப மூடாமலே விட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் கம்பெனியிலிருந்து சந்துருவின் போன், பஜார்காரர்கள் இப்போதே சி.டி. கேட்கிறார்களாம், நான் சொல்லச் சொல்ல அழுத்தும்மா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஏற்கெனவே எதையும் தொடவில்லையே என்றும் கேட்டான். தொடவே இல்லை என்று சொன்னேன். திட்டுவானோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. நான் பதிவு செய்த சி.டி.யை நானே கொண்டுபோய் வாசலில் அவர்கள் கையில் கொடுத்தேன்.

பதிமூன்று நாள் இதை விழுங்கிக்கொண்டு அவனுக்குக் கஞ்சி கொடுத்தேன். நேற்று முன்தினம் காலையில் அப்பா டிப்போவுக்குக் கிளம்பியதும், கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் உறைத்தது, நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். ஒரு வார்த்தைகூட அவனுக்குக் கேட்கவில்லை. சொல்லியாகிவிட்டது, இதோடு விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், உன்னிடம் மறைத்து என்ன. எழுந்து சுற்றிப்போய் வலது பக்கம் உட்கார்ந்து மறுபடி சொன்னேன்.

கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் அடித்தான். நாற்காலியை உதைத்தான். "கேட்டேன்ல, தொட்டியான்னு கேட்டேன்ல" என்று அதையே கத்தினான், தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிகிற வரைக்கும் கத்தினான். சின்ன வயசில் அவனைக் கரண்டியால் எத்தனை அடித்திருப்பேன், திருப்பி ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. நீ என்னை அடிடா என்றேன். கையை ஓங்கினான், கதவில் குத்திக்கொண்டான். இரண்டு நாள் பேசவில்லை.

இன்றைக்குக் காலையில் லியாகத் அலி அண்ணன் தம் கடையிலிருந்த பழைய திரை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டர்ப் பெட்டி உடையவில்லை, உள்ளே பாட்டெல்லாம் அப்படியே இருக்கிறதாம். சந்துரு அதன் முன்னால் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஹெட்போனை என் தலையில் மாட்டினான். இடது பக்கம் டோல் மேளச் சத்தம் வருதா, வலது பக்கத்தைவிடச் சின்னதா பெரிசா, சொல்லு என்றான். பெரிசு என்றேன். அரே, சும்மா சொல்லாதே, ஒழுங்கா கேளு என்று கத்தினான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டேன். சின்னதுதான்டா என்றேன். எதையோ நகர்த்தினான். இப்போ, என்றான். மத்தியானம் வரைக்கும் அவன் திட்டத் திட்ட உட்கார்ந்து கேட்டேன், அடுப்பில் பருப்பு தீய்ந்துபோனது.

இன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடமும் சொல்லிவிடுவேன், அவர் என்ன செய்தாலும் சரி. நீ இதைப் படித்துவிட்டு அழாதே, அடுத்த விமானம் என்று கிளம்பியும் வராதே. மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது தம்பியைக் கூப்பிட்டால் கொஞ்சம் பொறு, பழக்கத்தில் முதலில் இடது காதில்தான் வைக்கிறான், உன் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்து மாற்றிக்கொள்வதற்குள் நீ கட் செய்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீங்கள் இருவரும் தீர்க்காயுசோடு நிறைந்து வாழ மனசாரச் சொல்கிறேன்.

உன்னையும் சந்துருவையும் பெற்றவள்,
சியாமளா சந்தானம்