அம்மாவின் நாக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, குவாங்சோவிலிருந்து யிங்ஷுவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

எனக்கு லேசான இருமல்தான், பயப்படாதீர்கள். நீங்கள் கொடுத்தனுப்பிய மூலிகைப் பொட்டலத்தைக் காய்ச்சுவதற்கு முன், மருந்துக்கடை ஃபாங் அக்காவிடம் காட்டினேன்.

"முதல்ல நாக்க நீட்டுடி!" என்றார். உற்றுப் பார்த்துவிட்டு, பொட்டலத்திலிருந்து வைக்கோல் போன்ற குச்சிகளைப் பொறுக்கி எடுத்தார்.

"இது மாஹுவாங். குளிர் இருமலுக்குப் போடுறது. உனக்குச் சூட்டு இருமல். வேற யாரு இதைக் குடிக்கிறா?"

"அம்மாதான். பிரஷர் மாத்திரையும் போடுறாங்க."

"அடிப்பாவி, இது பிரஷரை ஏத்திவிடும்டி! உடனே நிறுத்தச் சொல்லு."

மிச்சத்தைக் குடிக்காதீர்கள், அம்மா. மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.

நாக்கில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறதோ! உங்கள் நாக்கையும் படமெடுத்து அனுப்புங்கள், அக்காவிடம் கேட்கிறேன். வேலை மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். படத்தில் நாக்கு மட்டும் போதாது, முகமும் தெரிய வேண்டும்.

யிங்ஷு