ஆறு நிமிஷத்துக்கு ஒரு பஸ்

இன்று டிவியில் ஒரு பேராசிரியர், இந்த உலகமே யாரோ கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் கணக்காக இருக்கலாம் என்று, தானே கண்டுபிடித்தவர் போலப் பேசினார். கேட்டதும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இன்னும் அழுகை இல்லை, இதுதான்.

அறுபதுகளில் நாம் ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில், கம்ப்யூட்டருக்குக் கணக்கை அட்டையில் குத்திக் கொடுக்கும் பஞ்ச் கார்டு பெண்கள். மாட்டுங்காவில் ஒரே ரயில் ஏறுவோம். தாளில் இருப்பதைப் பார்த்து நீ கார்டில் துளை போடுவாய். அதே தாளைப் பார்த்து அதே கார்டில் நான் மறுபடி அடித்துச் சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் என் மெஷினில் சிவப்பு விளக்கு எரியும். உன் பின்னாலேயே வருவதுதான் என் உத்தியோகம்.

ஒருமுறை பஸ் ஸ்டாப் வேலை ஒன்று வந்தது. ஆட்கள் எப்போது வருகிறார்கள், பஸ் எப்போது வருகிறது என்று கார்டில் போட்டுக் கொடுத்தால், ஒரு நாள் முழுக்க அங்கே நடப்பதை மெஷின் சில நிமிஷத்தில் நடத்திக் காட்டிவிடும். மத்தியானம் டப்பாவைத் திறந்துகொண்டே நான்தான் கேட்டேன். "இந்தக் கியூவுல நிக்கறவாளுக்கு, தான் நிஜமில்லேன்னு தெரியுமாடி? நாமளும் அப்படி இருந்தா?"

நீ மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் அதையே ஆபீஸரிடம் கேட்டாய். அவர் அசந்துபோய், உன்னைப் புரோகிராம் எழுதும் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டார். அது என் கேள்வி என்று நீயும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை.

மறுநாள் உன் கார்டு ஒன்றில் சிவப்பு எரிந்தது. ஆறு நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்பதை அறுபது என்று போட்டிருந்தாய். என் விரல்தான் தவறியதோ என்று பார்க்க மறுபடி அடிக்க எனக்கு இடமுண்டு. தெரிந்தே நானும் அறுபது அடித்தேன். விளக்கு அணைந்தது.

பெரிய அதிகாரிகள் முன்னால் மெஷின் ஓடியது. கியூ நீண்டுகொண்டே போய், பாதிப் பேர் வீடு போய்ச் சேரவில்லை என்று தாளில் வந்தது. தப்பு என்னுடையதுதான் என்று நீ ஒப்புக்கொண்டாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாடிப்படியில்தான் சொன்னாய். "ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வராதுடி. கேள்வி உன்னோடது. சரியாப் போச்சு."

ஆபீஸர் உன்னைத் திட்டினார், ஆனாலும் புரோகிராம் பிரிவில் எடுத்துக்கொண்டார். அதற்கும் பொறாமைப்பட்டேன். என்மேல் கோபப்படாமல் உன்னால் எப்படி இருக்க முடிந்தது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

தங்கள் பஸ் வராததற்குக் காரணம் ஒருத்தியின் வயிற்றெரிச்சல் என்று அந்தக் கியூ ஜனங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் குடியிருக்கும் டோம்பிவிலியில் லோக்கல் ரயில் தாமதமானால், மேலே எவளோ எவள்மேலோ பொருமிக்கொண்டிருக்கிறாள் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இந்த உலகத்தை யாராவது முதலிலிருந்து மறுபடி ஓட்டினால் நான் திருந்திவிடுவேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். அப்போதும் அறுபதுதான் அடிப்பேன். ஆனால் பக்கத்து மெஷினில் நீ இருக்க வேண்டும். நீ போன பிறகு, பொறாமைப்பட எனக்கு ஒருத்தரும் இல்லையடி.