முனுசாமி குடிக்கவில்லை

பாய்,

இன்று காலை ஷாப்பில் புதுச் சுண்ணாம்பு நீற்றினார்கள். தண்ணீர் ஊற்றியதும் சீறிப் புகைந்தது. அந்தக் காரநெடி மூக்கில் ஏறியபோது உன்மேல் எனக்கிருந்த கோபம் முழுவதும் கூடவே ஏறியது. போன மாதம் உன் மச்சான் வந்து, நீ ஜோலார்பேட்டையில் இறந்துவிட்டாய் என்று சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் இந்த ஷாப்பில் நீ மேஸ்திரி, நான் தோல் பிரித்து அடுக்குகிறவன். பதினைந்து வருடம் ஒரே கொட்டகையில் நின்றோம். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளின் குறுக்கே நடக்கப் போட்டிருந்த பலகைகளில் ஒன்று உளுத்துப்போனதை முதலாளியிடம் நான்கு தரம் சொன்னாய். நாலாம் தரம் நானும் உன் பக்கத்தில் நின்றேன். "மழ போவட்டும் பாய், பாக்கலாம்" என்றார் அவர். மழை போவதற்குள் முனுசாமி போய்விட்டான். ஈரத் தோலைத் தோளில் சுமந்து நடந்தவன், பலகை முறிந்து தலைகுப்புறத் தொட்டிக்குள் விழுந்தான். நாம் இருவரும்தான் வெளியே இழுத்துப் போட்டோம். அவன் முகத்தில் நீ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாய். உயிர் போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாய். நான்தான் குடத்தைப் பிடுங்கினேன்.

தாசில்தார் வருவதற்குள் முறிந்த பலகை அடுப்புக்குப் போய்விட்டது. "குடிச்சிட்டு தடுமாறி வுயுந்துட்டான்" என்றார் முதலாளி. முனுசாமி கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன். தாசில்தார் உன்னைப் பார்த்து, "அப்படித்தானா?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதையே ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பாலாற்று மணலில் உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

"வாய்ல இன்னா வச்சினு இருந்த பாய்?"

நீ நிதானமாகச் சொன்னாய். "எல்லாத் தொட்டிக்கும் புதுப் பலகை போடறேன்னு வாக்கு குடுத்திருக்காரு, தோஸ்த். நான் வாயத் தொறந்தா ஷாப்ப மூடிடுவாரு. செத்தவன் பேரு பெருசா, இருக்கறவன் உசுரு பெருசா?"

அந்த வாரமே பலகைகள் வந்தன. அதன்பின் ஒருவன்கூட விழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நீ சொன்னது வெறும் சாக்காக இருந்திருந்தால் உன்னை அன்றே விட்டு விலகியிருப்பேன். ஆனால் முனுசாமியின் பெண்சாதி அஞ்சலையை நாம் ஒரு வார்த்தை கேட்டோமா? பலகைக்கு மாற்றாகக் கொடுக்க அவன் பேர் என்ன உன் வீட்டுச் சொத்தா?

ஆறு வருடம் அவள் அதே கொட்டகையில் தோலில் மயிர் வழித்தாள். குடிகாரன் பொண்டாட்டி என்று அவள் காதுபடவே பேசினார்கள். நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். பிறகு நாட்றம்பள்ளியிலிருந்து அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், குடித்துவிட்டு விழுந்தவன் மகள் வேண்டாமென்று எழுந்து போனார்கள். மறுநாள் அவள் நேரே உன் முன்னால் வந்து நின்றாள். முதலாளியும் அங்கேதான் இருந்தார்.

"பாய், எம் புருசன் குடிச்சிருந்தாரா?"

கொட்டகையில் ஒரு கை அசையவில்லை. நீ நிமிர்ந்தாய்.

"இல்லம்மா. ஒரு சொட்டு குடிக்கல. பலகை உளுத்திருந்திச்சி. தெரிஞ்சேதான் வாய மூடிக்கினேன்."

"வெளிய போ" என்று முதலாளி கத்தினார். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். போகும்போது என்னை ஒரு தரம் பார்த்தாய். நான் என் கையிலிருந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது நாட்றம்பள்ளி வரை போயிற்று. எழுந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள். கல்யாணத்துக்கு அஞ்சலை உனக்குச் சொல்லி அனுப்பினாள், நீ வரவில்லை. ஜோலார்பேட்டையில் மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன். உன்னைப் பார்க்க நானும் வரவில்லை.

வாயை மூடிக்கொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. பேசும்போது மட்டும் ஏன் தனியாகப் பேசினாய்? "வா தோஸ்த், ரெண்டு பேருமா சொல்லிடலாம்" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே! மூன்று வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று வேலை முடிந்ததும் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வாசலில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "பலகை உளுத்துப்போனது எனக்கும் தெரியும், அஞ்சலை."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்ணா. அன்னிக்கே உன் மூஞ்சிலயே தெரிஞ்சிச்சி" என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "பாய் நான் கேட்டதும் சொல்லிட்டாரு. உன்ன யாரு வந்து கேக்கணும்னு ஒம்போது வருசம் காத்துனு இருந்த?"

திரும்பி வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை, பாய். தீரவும் வேண்டாம். ஆனால் நான் பேசாமல் நின்றதற்கு இனி உன் பேரைச் சொல்ல எனக்கு வாயில்லை.