அடி காணாத போத்தல்

மார்ச் 11, செவ்வாய்

லக்ஷனா வேலையிலிருந்து ஒரு பெட்டி தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பத்துப் போத்தல்கள், ஒன்றிலும் பெயரில்லை, நம்பர் மட்டும். நகரத்துக்கு வெளியே பந்தானில் ஒரு சின்னக் கொம்பனியில் சட்டிபானை கழுவும் திரவம் செய்கிறாள் என் மகள். ஐந்து வருடம் இரசாயனம் படித்தது இதற்குத்தானா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

தேங்காயெண்ணெயில் செய்ததாம். நாள் முழுக்க நான் சட்டியிலிருந்து உரஞ்சுவதே தேங்காயெண்ணெய்ப் பிசுக்கைத்தானே. அதைப் போக்க அதையே விடுவதோ? என் மனுஷன் தவரத்தினம் போனிலிருந்து தலை நிமிர்த்தாமல், "முள்ளை முள்ளாலைதான் எடுக்கிறது" என்றார். பெரிய விஞ்ஞானி.

பிள்ளை பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் விளக்கினாள். எண்ணெயை அப்படியே விடுவதில்லையாம். எண்ணெயிலிருந்து எடுத்த ஒன்றைச் சீனியோடு சேர்த்துச் செய்கிறார்களாம். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். ஒத்துவராத இரண்டு பகுதியையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கலியாணத் தரகர் வேலை. அப்படிச் சொன்னால் விளங்குகிறது.

பத்து வீட்டில் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பாவித்து, கிழமைக்கொரு படிவம் நிரப்ப வேண்டும். அவளை வேலைக்கு வைத்துப் பார்க்கிற நாலு மாதம் ஜூன் பதினாறோடு முடிகிறது. இது சரிவந்தால் நிரந்தரம். சரிவராவிட்டால் வீட்டுக்கு. "அம்மா, பத்து வீடு பிடிச்சுத் தருவீங்களோ?" என்றாள். பத்தென்ன, எங்கள் ஆட்கள் நிறைந்த லா ஷப்பலில் நூறு பிடிப்பேன்.

மார்ச் 15, சனி

ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு ஒன்பதையும் கொடுத்து முடித்தேன். கடைசிப் போத்தல் மேல்மாடி மரியநாயகிக்கு. புதுச்சேரிக்காரி, தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். "கவலப்படாதீங்க புனிதவதி, நான் எல்லாத்தையும் செரியூவா, ஒழுங்கா செய்யறவ" என்றார். படிவத்தை என் கண் முன்னாலேயே கோப்பில் போட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

நல்ல நுரை, எலுமிச்சை வாசம், கையும் எரியவில்லை. என் பிள்ளை செய்தது.

மார்ச் 24, திங்கள்

ஸ்டாலின்கிராட் மெத்ரோ வரை நடந்துபோய் வந்தேன். முழங்கால் நோ. போத்தல் கால்வாசி இறங்கிவிட்டது, வழமைபோலத் தண்ணீர் விட்டுக் குலுக்கி நிரப்பி வைத்தேன். என் மனுஷனுக்குத் தடிமன், ஒரே தும்மல்.

ஏப்ரல் 7, திங்கள்

என்ன செய்வேன்? நுரை செத்துப்போயிற்று. ஆட்டிறைச்சிச் சட்டியை மூன்று தரம் கழுவினேன், பிசுக்குப் போகவில்லை. போத்தலை மணந்தால், கிழங்கு அவித்து மறந்துபோன தண்ணீர் மாதிரி. பிள்ளையின் சாமான் பழுது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டேன். பெற்ற வயிறு.

ஏப்ரல் 12, சனி

ரூ பெர்தொனே தெருவில் மரக்கறிக் கடையில் அருள்மலரைக் கண்டேன். பத்து வீட்டில் அவளுடையதும் ஒன்று. "போத்தல் எப்பிடி?" என்றேன். "சோக்கான சாமான் அக்கா" என்றாள், கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு. அவளும் பத்துக்குப் பத்து. பொய் சொல்லும்போது அவளுக்குக் காது சிவக்கும்.

ஏப்ரல் 26, சனி

போத்தல்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பிள்ளையாரே.

மே 6, செவ்வாய்

லக்ஷனா அழுதுகொண்டு வந்தாள். அழுதால் அவளுக்குத் தமிழ் வராது, எல்லாம் பிரெஞ்சு. பொறுக்கிப் பொறுக்கித்தான் விளங்கிக்கொண்டேன். அவளுடைய மேலாளர் ஆன்-சோஃபி பத்துப் போத்தலையும் திறந்து பாராமல் தராசில் வைத்திருக்கிறா. பத்தும் நிரம்பி இருக்காம். படிவத்தில் மட்டும் நாளுக்கு மூன்று தரம் பாவித்ததாக எழுதியிருக்காம், எல்லா வீட்டிலும் பத்துக்குப் பத்தாம். ஒருவரும் தொடவில்லை, படிவங்களை நீயே இருந்து எழுதினாயா என்று கேட்டிருக்கிறா.

என்ரை பிள்ளை கள்ளியோ? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிசியைத் தேடிப்போய் நாலு கேள்வி கேட்டிருப்பன்.

"ஒருத்தரும் பாவிக்கேல்லையோ அம்மா? ஏன் எல்லாம் நிரம்பியிருக்கு?" என்று பிள்ளை கேட்டாள்.

நிரப்பினால் நிரம்பித்தானே இருக்கும் என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை. கடவுளே. நான்தான்.

மே 7, புதன்

ஒன்பது வீட்டுக்கும் போன் எடுத்தேன். அருள்மலர் என்னைத் திருப்பிக் கேட்டாள்: "தண்ணி விடாமல் ஆரக்கா பாவிக்கிறது?" எட்டு வீட்டில் அதே பதில். மரியநாயகி மட்டும், "சேச்சே, நாங்க அந்தப் பழக்கமெல்லாம் விட்டு நாற்பது வருஷமாச்சு" என்றார்.

பின்னேரம் பிள்ளையிடம் சொன்னேன். தண்ணீர் விட்டதையும் சொன்னேன், பத்துக்குப் பத்துப் பொய்யையும் சொன்னேன். தலையில் கை வைத்தாள். பழுதாகாமல் இருக்க ஒரு மருந்து போடுவார்களாம், தண்ணீர் விட அது பலமிழந்துபோகுமாம். அதுதான் அந்தக் கிழங்கு வாசம். "தண்ணி விட்டதைக்கூட விடுங்கோ. ஏனம்மா பொய் எழுதினீங்கள்?" என்றாள்.

மே 12, திங்கள்

பிள்ளை கொம்பனிக்கு வரவேண்டாம் என்றாள். போனேன். பிரெஞ்சு பேச மரியநாயகியையும் கூட்டிக்கொண்டு, ஐந்தாம் நம்பர் மெத்ரோவில்.

ஆன்-சோஃபி மெலிந்த மனிசி, வெள்ளைக் கோட்டு. வாயால் சொன்னால் நம்பாது என்று அங்கே கழுவுதொட்டியில் செய்தே காட்டினேன். பாதிப் போத்தல் எடுத்தேன், குழாயைத் திறந்தேன், கழுத்து வரை விட்டேன், மூடிக் குலுக்கினேன், தலைகீழாக வைத்தேன். பத்து விநாடி. கை தானாகச் செய்யும்.

ஏன் என்று கேட்டா. நெடுக அப்படித்தான் என்றேன். சோஸ் போத்தலுக்கும் கடைசியில் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கறிக்குள் ஊற்றுகிறவள் நான். "இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசம். ஒரு போத்தலின்ரை அடியை நான் கண்டதில்லை எண்டு சொல்லுங்கோ" என்றேன். மரியநாயகி மொழிபெயர்த்துவிட்டு, "இந்த ஜாஃப்னாக்காரங்க இப்படித்தான், நான் அப்படியில்ல" என்று தன் கணக்கிலும் இரண்டு வரி சேர்த்தார்.

ஆன்-சோஃபி அலுமாரியிலிருந்து மரியநாயகியின் பத்தாம் நம்பர் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தா. உள்ளே இருந்தது பச்சைத் தண்ணீர். அந்தப் பக்கம் வைத்த பேப்பரில் எழுத்து வாசிக்கலாம். மரியநாயகி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அந்த மனிசி கதிரையில் இருந்து சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்தி லக்ஷனாவிடம் மன்னிப்புக் கேட்டா. எனக்குக் கண் கலங்கிப்போயிற்று. வெளியே வந்ததும் மரியநாயகி, "ஒரே ஒரு தரம்தான் ஊத்தினேன்" என்றார்.

ஜூன் 16, திங்கள்

நிரந்தரம். கையெழுத்து வைத்துவிட்டாள்; தண்ணீர் விடும் வீடுகளுக்கென்று புதுச் சாமான் செய்யும் பொறுப்பு அவளுக்காம். என் மனுஷன் போனைக் கீழே வைத்தார், ஒரு முழு மணித்தியாலம்.

ஜூன் 28, சனி

லக்ஷனா புதுச் சாமான் கொண்டுவந்தாள். சின்னக் குப்பியில் தேன் மாதிரித் தடிப்பானது, கூடவே ஒரு வெறும் போத்தல். வீட்டிலேயே தண்ணீர் விட்டுக் கலப்பதற்கென்று மருந்தும் கூட்டிச் செய்ததாம். போத்தலில் எவ்வளவு தண்ணீர் என்று கோடு போட்டிருக்கிறார்கள். திரும்பவும் பத்து வீடு, திரும்பவும் படிவம். இந்தத் தரம் முதலாவது கேள்வியே, எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பதுதான்.

குப்பியை ஊற்றினேன், கோடு வரை தண்ணீர் விட்டேன். மேலே இன்னும் இரண்டு விரல் இடம் சும்மா கிடந்தது. அவள் அறையில் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

விட்டேன்.

பிறகு குந்தியிருந்து படிவத்தில் எழுதினேன்: கோட்டுக்கு மேலே இரண்டு விரல்.