அப்பா சொன்னாக

சின்னமனூர், 12 ஜூன் 2004

நூலக வாசகர் வட்டத்தில் படிக்கவிருக்கும் கட்டுரையை மகள் சாயங்காலம் காட்டினாள். ஓர் இளையோர் நாவலைப் பற்றியது. கதைநாயகி மாறிவிட்டாள் என்று எழுதியிருந்தாள். ஆதாரம் எங்கே என்று கேட்டேன்.

"பேச்சுலயே இருக்குப்பா. பாதிக் கதை வரைக்கும் 'அப்பா சொன்னாக, அப்பா வந்தாக'ன்னுதான் பேசுறா. அவ சைக்கிள அப்பா வித்ததுக்கப்புறம் 'அவரு சொன்னாரு'ன்னு மாறிருது. அதோட மனசு விட்டுப்போச்சு."

நுட்பமான கவனிப்புதான். நான் பாராட்டவில்லை.

பிறகு மதுரைக் கல்லூரிப் பேச்சை எடுத்தாள். என் தம்பி வீட்டில் தங்கிப் படிப்பாளாம். தோட்டத்தைப் பிரித்த அன்று ஊர்க்காரர்கள் முன்னால் என்னைக் களவாணி என்றவன் அவன். அவன் வீட்டுச் சோற்றை என் மகள் தின்பதா? முடியாது என்றேன்.

"ஒங்க சண்டைக்கு நான் என்னப்பா செஞ்சேன்?"

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டாள்:

"அவரு சாப்புட்டாராம்மா?"